முன்னூற்றி நாலுக்கு ஒரு செயலி

புள்ளி கூட்டத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள்.
ஜேக் முப்பது, ஒன்பது இருபது,
ஆசு பதினொன்று, பத்துக்குப் பத்து,
ராசா மூன்று, ராணி இரண்டு,
எட்டும் ஏழும் சும்மா.
சீட்டை மேசையில் போட முதலே
கணக்கு முடிந்துவிடும் மரியநாயகத்துக்கு.
கூட்டின பிறகுதான் சண்டை.

மாங்குளம் சந்தியில், டயர்க் கடைக்குப் பின்னால்,
வாடகை அறையில் இருந்து எழுதத் தொடங்கினேன்.
பகலில் கொழும்புக் கம்பனி ஒன்றின் சம்பளப் பட்டியல்.
இரவில் இது. காசில்லை.
ஞாயிறு பின்னேரம் கடை பூட்டியதும்
கழற்றிவைத்த கதவொன்றை
இரண்டு டயர் அடுக்கின் மேல் போட்டு
நாலு பேர் இருப்பார்கள்.
நான் ஐந்தாவது. எனக்குச் சீட்டுப் போடுவதில்லை.

முதற் பதிப்பு சேந்தனுக்குப் பிடிக்கவில்லை.
மல்லாவியில் கேள்வி நூற்றைம்பதில் தொடங்குமாம்.
ஒட்டுசுட்டானில் நூற்றியறுபது என்றார் குகபாலன்.
முழங்காவிலில்
முதல் நாலு சீட்டும் வெறுஞ்சீட்டென்றால் கலைத்துப் போடலாம்.
விசுவமடுவில் அதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான் வைத்தேன்.
இருபத்திமூன்று பொத்தான்.
‘பிள்ளை, இது சீட்டோ, பிளேன் ஓட்டுறதோ?’
என்றார் இன்பராசா.

பிறகு துரும்பு.
கேள்வி எடுத்தவர் ஒரு சீட்டைக் கவிட்டு வைப்பார்.
அது என்ன இனம் என்று செயலிக்குத் தெரியவேண்டும்;
தெரியாமல் எப்படித் தீர்ப்புச் சொல்லும்?
போனை மறைச்சுப் பிடிச்சு அமத்துங்கோ,
ஒருத்தரும் பாக்கமாட்டினம் என்றேன்.
மரியநாயகம் சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்தபடி
போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
‘போன் பாக்குமெல்லோ.’

விளங்கப்படுத்தினேன்.
இணையம் வேண்டாம், வெளியே ஒன்றும் போகாது,
ஆட்டம் முடிந்தால் தானே அழிந்துவிடும்.
அவர் தலையாட்டினார், முழுக்க நம்பியவர் போல.
உள்ளங்கையை எடுக்கவில்லை.
‘ஒண்டுக்குமில்லை, சும்மா பதிவுக்கு’ என்று
அவருக்கு முன்பும் யாரோ சொல்லியிருப்பார்கள்.
நான் அதைக் கேட்கவில்லை.

அன்றிரவு துரும்புக்குரிய இடத்தை வெறுமையாக விட்டேன்.
வெறுமையைத் தொட்ட ஒவ்வொரு வரியும் விழுந்தது.
கூட்டல் விழுந்தது. வெட்டு விழுந்தது.
கடைசியில் திரையே விழுந்தது.
விடிய நாலு மணிக்கு, கரண்ட் போய்,
மடிக்கணினியில் பன்னிரண்டு வீதம் மிச்சமிருக்க,
ஒரு வழி தெரிந்தது:
தெரியாததைத் தெரியாது என்றே வைத்துக்கொண்டு
சீட்டை அவர்கள் திருப்பும்வரை
பொறுத்திருப்பது.
எழுபது வரி.
நான் எழுதியவற்றில் நல்லது அந்த எழுபதுதான்.
ஒருவரும் கவனிக்கவில்லை.

மூன்றாம் பதிப்பு எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொன்னது.
யார் இனத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெட்டினது,
யார் முறை தவறி இறக்கினது,
எத்தனையாம் பிடியில்.
இருட்டும்வரை போகிற ஆட்டம்
நாற்பது நிமிடத்தில் முடிந்தது.
நாலு பேரும் கதவைப் பார்த்தபடி இருந்தார்கள்.
ஏ-ஒன்பதில் லொறிகள் போயின.
சேந்தன் சீட்டைக் கலைத்தான், அடுக்கினான், கலைத்தான்.
‘பிழை எண்டு சொல்ல ஒண்டுமில்லை’ என்றார் குகபாலன்,
செத்தவீட்டில் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதுபோல.

நாலாம் பதிப்பில் தீர்ப்பைக் கழற்றினேன்.
சண்டை வந்தால் திரை சொல்லும்:
‘நீங்களே பாத்துக்கொள்ளுங்கோ.’
கீழே ஒரேயொரு பொத்தான்: ‘முடிஞ்சுது.’
அதை அமத்த எடுத்த நேரம் பதிவில் இருக்கிறது.
பதினெட்டு நிமிடம்.
ஐம்பத்தொரு நிமிடம்.
ஒருமுறை, ஞாயிறு தொடங்கி வியாழன் வரை.

நேற்று இன்பராசா உழவு நடுவில் எடுத்தார்,
டிரக்டரை நிப்பாட்டாமல்.
மூன்று தரம் கத்தின பிறகுதான் விளங்கியது.
‘எல்லாம் நல்லாயிருக்கு பிள்ளை.
எழுத்துத்தான் சின்னன்.’